பாவாயி மலையைத் திருப்பிய கார்த்திகை

வட்டக்கல் மலை திரும்பத் தொடங்கியது ஒரு புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அதாவது சந்தைமேட்டுப் பாவாயி தன் பழைய அம்பாசிடர் காருக்குப் பவர் ஸ்டியரிங் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து வந்து, அடிவாரத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்த நேரத்தில்.

அதுவரை அந்த மலை மற்ற மலைகளைப் போலத்தான் நின்றுகொண்டிருந்தது. தெற்குச் சரிவில் தேன்வரை, அங்கே வருசம் முழுக்க வெயில், வரிசை வரிசையாகக் காப்பித் தோட்டம், சிமெண்டு பூசிய களங்கள். வடக்குச் சரிவில் நிழற்காடு, அங்கே புரட்டாசி கழிந்தால் தை பிறக்கிறவரை வெயில் எட்டிப் பார்க்காது, துவைத்துப் போட்ட சேலை நாலு நாளானாலும் ஈரமாகவே தொங்கும், அறுத்து வைத்த ராகி குதிருக்குப் போவதற்குள் முளை விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே உச்சியில் சந்தைமேடு. வாரச் சந்தை கூடும் பெரிய மைதானம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு அம்மன் கோயில், மைதானத்தை ஒட்டிப் பாவாயியின் ஓட்டு வீடு, அதன் முன்னால் அந்தக் கார்.

பதினோரு வருசம் மிளகு விற்ற பணத்தைச் சேர்த்து, எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து பாவாயி வாங்கிய கார் அது. நாற்பத்து மூன்று வளைவு ஏறி நாற்பத்து மூன்று வளைவு இறங்கி, பிரசவத்துக்குப் போகிறவர்களையும் பிள்ளையோடு வருகிறவர்களையும் உப்பு மூட்டையையும் உரமூட்டையையும் இருபத்திரண்டு வருசமாகச் சுமந்திருந்தாள். அம்பாசிடர் ஸ்டியரிங் என்றால் விளையாட்டல்ல. சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு முழுவதையும் கைக்குக் கொடுத்து இழுத்தால்தான் சக்கரம் மனசு வைக்கும். இழுத்து இழுத்து ஐம்பதாவது வயதில் வலது தோள் இறுகிப்போய், தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கை மேலே போகவில்லை. ராசிபுரத்து டாக்டர், காரை விற்றுவிடும்மா என்றார். சந்தைமேடே அதையே சொன்னது.

"கை வலிக்குதுன்னா கைக்குத்தான் வைத்தியம் பாக்கோணும். வண்டி என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, பாவாயி நேராகத் திருச்செங்கோட்டுக்கு வண்டியை விட்டாள்.

அங்கே வையாபுரி என்றொரு மெக்கானிக். போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறவன், நாற்பது வயது, பேச்சைவிட ஸ்பேனர் அதிகம். அவன் பானெட்டைத் தூக்கி, சட்டைப்பையில் இருந்த பேனாவால் இன்ஜின் பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்த வண்டி பொறக்கையில பவர் ஸ்டியரிங் இல்லாமத்தான் பொறந்துச்சு. ஆனா போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலைங்க."

"போடு."

மூன்று நாள் வேலை. பழைய ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றி, வேறொரு வண்டியின் பவர் பாக்ஸை உட்கார வைக்கத் தகடு வெட்டி வெல்டு அடித்தான். இன்ஜின் ஓட்டத்திலேயே பம்ப் சுழல்வதற்குக் கூடுதலாக ஒரு புல்லி போட்டுப் பெல்ட் மாட்டினான், ஆயில் போக ஒரு ஹோஸும் வர ஒரு ஹோஸும் இழுத்தான், பேட்டரிக்குப் பக்கத்தில் ஆயில் டப்பாவைக் கட்டினான். பம்ப்புக்கு மட்டும் அளவு ஒத்துவரவில்லை. பட்டறை மூலையில், எட்டு மாநிலத்தில் போர்வெல் போட்டு ஓய்ந்துபோன ஒரு ரிக் வண்டியின் சின்னப் பம்ப் கிடந்தது. துடைத்துப் பார்த்தான், சுழன்றது, பொருந்தியது, போட்டுவிட்டான்.

சமவெளியில் ஓட்டும்போது பாவாயிக்கு ஸ்டியரிங் வெண்ணெயில் விரல் போவது போல இருந்தது, அவ்வளவுதான். முதல் வளைவில்தான் அவள் ஒற்றைக் கையால் லேசாகத் திருப்ப, கார் நேராகவே போக, மலை அவளுக்காக ஒரு பக்கம் ஒதுங்கித் திரும்பி, சாலையைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தது. இரண்டாவது வளைவில் மறுபக்கம் திரும்பியது. பாவாயி இதற்குமுன் பவர் ஸ்டியரிங் ஓட்டியதில்லை. வசதியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பின்சீட்டில் நிழற்காட்டுக் குப்பாயி இரண்டு உப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி, எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். ஒன்பதாவது வளைவில் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கக்கா, நீங்க வண்டியத் திருப்பலைங்க. மலையத் திருப்பறீங்க."

பாவாயி கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். அடிவாரத்து நெல்வயலெல்லாம் மெல்ல நகர்ந்து இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஆமாமா. பவர் ஸ்டியரிங்னா இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது," என்றாள்.

ஏறும்போது இருபத்திரண்டு வலது வளைவு, இருபத்தொன்று இடது வளைவு, ஒன்றுக்கு ஒன்று கழிந்து ஒரே ஒரு வளைவு மிச்சம். ஆகவே பாவாயி சந்தைமேட்டில் வண்டியை நிறுத்தியபோது மலை தன் பழைய நிலையிலிருந்து ஒரு வளைவு அளவுக்குத் திரும்பி நின்றது. கோயில் பூசாரி உச்சிப் பூசைக்குக் கதவைத் திறந்தவர், கிழக்கே பார்த்திருந்த அம்மன் வடமேற்கைப் பார்ப்பதைக் கவனித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு பூசையை முடித்தார். அம்மன் அப்படிப் பார்க்க நினைத்தால் அங்கே ஏதோ பார்க்க வேண்டியது இருக்கும் என்பது அவருடைய எண்ணம். மத்தியானம் பாவாயி கீழே இறங்கியதும் அம்மன் பழையபடி கிழக்குக்கே வந்துவிட்டாள். மலை எவ்வளவு திரும்பினாலும் சாலையின் அடி மட்டும் செக்போஸ்ட்டில் சரியாக வந்து சேர்ந்துகொண்டது. அது எப்படி என்று கேட்ட ஒரே ஆள் அங்கே இருந்த வனக்காவலர். அவரையும் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையின் மேல்மூலையில் தேதி, வருகை, அதற்குக் கீழே 'இன்று கிழக்கு: ஜன்னல் பக்கம்' என்றும் மறுநாள் 'இன்று கிழக்கு: கதவுப் பக்கம்' என்றும் எழுதினார். வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்கிறவர்கள் கட்டிலுக்கு அடியில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டார்கள். கோழிகள் முதல் இரண்டு நாள் கூடைக்குள் போகாமல் அலைந்துவிட்டு, பிறகு சூரியனை நம்புவதை விட்டுவிட்டு பாவாயி வீட்டுக்குத் திரும்பும் ஹாரன் சத்தம் கேட்டால் அடைந்தன. பெரிய தகராறு டிவிக்குத்தான். கூரைமேல் இருந்த டிஷ் எல்லாம் திசை தப்பிப் படம் புள்ளி புள்ளியாக வந்தது. பெண்கள் திரண்டு வந்து, பகலில் மலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்கட்டும், சீரியல் நேரத்துக்கு டிஷ் பார்க்கிற பக்கம் பார்க்க வேண்டும் என்று கறாராகச் சொன்னார்கள். பாவாயி ஒத்துக்கொண்டாள். சந்தை மைதானத்தில் காரை அரை வட்டம் ஓட்டினால் மலை அரைச் சுற்று, முழு வட்டம் ஓட்டினால் முழுச் சுற்று என்று அதற்குள் கணக்குப் பிடிபட்டிருந்தது. கடைசி நடை முடிந்ததும் மைதானத்தில் வேண்டியபடி ஓட்டி மலையை இடத்தில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

இடையில் ஒருநாள் வையாபுரியிடம் காட்டினாள். அவன் திருச்செங்கோட்டுத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான். ஊர் அசையவில்லை, கார்தான் திரும்பியது.

"சமவெளி பெருசுங்கக்கா, அசையாது. மலைன்னா தனியா நிக்குதில்லீங்களா, அதான். அந்தப் பம்ப்பு ஆயிரம் அடி ஆழம் பூமியக் கொடஞ்ச பம்ப்பு. மண்ணுன்னா அதுக்குக் கூச்சமே கெடையாது." ஸ்பேனரைக் கையில் எடுத்தான். "கழட்டிட்டு வேற போட்ரட்டுங்களா?"

பாவாயி வலது கையைத் தூக்கினாள். அது தலைக்கு மேலே போனது. ஒரு வருசத்துக்குப் பிறகு அன்று காலையில்தான் அவளே தன் தலையை வாரிக் கொண்டை போட்டிருந்தாள்.

"வேண்டாம். இருக்கட்டும்," என்றாள்.

ஐப்பசி பிறந்ததும் குப்பாயி ஈரச் சேலை ஒன்றை வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பாவாயி வீட்டுக்கு வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். பாவாயி சேலையைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய் மைதானத்தில் அரை வட்டம் ஓட்டினாள். நிழற்காட்டில் அந்தப் பருவத்தில் யாரும் கண்டிராத வெயில் விழுந்தது. சுவர்கள் ஆவி விட்டன, பாய்கள் வெளியே வந்தன, ராகி முற்றத்தில் விரிந்தது, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுவந்து வாசலில் போட்டார்கள்.

தேன்வரைக்காரர்களுக்கு அன்று வெயில் போயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டியப்பன் தேன்வரைக்காரர், மலையிலேயே பெரிய காப்பித் தோட்டம் அவருடையது, கெட்டவர் அல்ல, ஆனால் தன் பங்கு எதுவோ அது தன் பங்கு என்கிற ஆள். மறுநாளே மைதானத்தில் கூட்டம் போட்டார்.

"எங்கப்பன் காலத்துல இருந்து, அவுங்கப்பன் காலத்துல இருந்து, வெயிலு எங்க பக்கத்துது. அதத் திருப்பிக் குடுக்கறதுக்கு பாவாயிக்கு ஆரு அதிகாரம் குடுத்தாங்க?"

"வெயிலுக்குப் பட்டா இருக்குதுங்களா?" என்று கேட்டாள் குப்பாயி.

கூட்டம் சிரித்தது. ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. வாகன ஆய்வாளருக்கு எழுதிப் போட்டார். ஆய்வாளர் வந்து லைட், ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்து, புதிய ஸ்டியரிங்கை ஓட்டிப் பார்த்து, மலை திரும்புவதையும் கீழே இறங்கி நின்று நன்றாகப் பார்த்துவிட்டு, தன் படிவத்தில் மலைக்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். கடைசியில் பாவாயியே ஒரு ஏற்பாடு சொன்னாள். வாரத்தில் நாலு நாள் தேன்வரைக்கு, மூன்று நாள் நிழற்காட்டுக்கு, காப்பி பறிக்கிற கார்த்திகை மாதம் முழுக்கத் தேன்வரைக்கு. ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அது சரி என்று சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கார்த்திகை வந்தது. தேன்வரையில் நாற்பது களத்திலும் காப்பிப் பழம் பறித்துக் காயப் போட்டிருந்தார்கள். வடகிழக்கிலிருந்து வந்த மேகம் நிழற்காட்டுக்கு மேலே வந்து குந்திக்கொண்டு எழவே மறுத்தது. தேன்வரையில் வெயில் அடிக்க, நிழற்காட்டில் எட்டு நாள் விடாமல் மழை கொட்டியது. ஒன்பதாம் நாள் மத்தியானம் குப்பாயி முழங்கால் வரை சேற்றோடு மைதானத்துக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, ஊருக்கு மேலாப்பல மண்ணு வெடிச்சுக் கெடக்குதுங்க. காத்தால கை போற அளவுக்கு இருந்துச்சு. இப்பக் காலே போகுதுங்க."

பாவாயி சாவியை எடுத்தாள். இன்ஜினைக் கிளப்பி அவள் நகர்வதற்குள் செய்தி போய், ஆண்டியப்பன் பத்துப் பதினைந்து பேரோடு வந்து பானெட்டுக்கு முன்னால் நின்றார்.

"பாவாயி, வார்த்தைன்னா வார்த்தை. கார்த்திகை எங்களுது. நாப்பது களம் காப்பி கெடக்குது. ஒரு வருசத்துச் சோறு அது. மழையக் கொண்டாந்து அது மேல ஊத்தாத. ஆளுகளை வேணுன்னாக் கூட்டியாந்து பள்ளிக்கூடத்துல வையி. நானே சோறு போடறேன்."

"ஆளு வந்துருவமுங்க," என்றாள் குப்பாயி. "ஊரு எப்படீங்க நடந்து வரும்?"

ஆண்டியப்பன் பானெட்டை விட்டு நகரவில்லை. பாவாயி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதும் உண்மைதான், நாற்பது களமும் உண்மைதான்.

"ஆண்டியப்பண்ணா, நாப்பது களத்தையும் அள்ளி மூட்டை கட்ட எவ்வளவு நேரமாவும்?"

"ரெண்டு நாள் ஆவும்."

"நெழக்காட்டுல அறுவது குடும்பம். அத்தனை பேரும் வந்து கை குடுத்தா?"

அவர் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், மனசுக்குள் ஆட்களை நிறுத்திப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம்," என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததைப் போல வட்டக்கல் மலையில் அதற்குமுன் நடந்ததில்லை. மழையில் ஊறிய அறுபது குடும்பமும், நடக்க முடிந்தவர்கள் நடந்தும் முடியாதவர்கள் முதுகில் ஏறியும், வெயில் அடிக்கிற தேன்வரைக்கு வந்தார்கள். கையில் கிடைத்த முறம், பலகை, தட்டு, வேட்டி எல்லாவற்றாலும் காப்பியை வாரிக் குவித்தார்கள். தேன்வரைப் பெண்கள் சாக்கைப் பிடிக்க நிழற்காட்டு ஆண்கள் கொட்டினார்கள், நிழற்காட்டுப் பெண்கள் கட்ட தேன்வரை ஆண்கள் தூக்கினார்கள். பள்ளிக்கூடம் நிறைந்து, கோயில் மண்டபம் நிறைந்து, பாவாயியின் வீடும் நிறைந்தது. நாற்பதாவது களத்தின் மூலையில் ஒரு கூடை அளவு மட்டும் மிச்சம் இருந்தபோது ஆண்டியப்பன், போதும் என்று கையைக் காட்டினார்.

பிறகு காரின் முன்கதவைத் திறந்து பாவாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ என்ன பண்றேன்னு நான் பாக்கோணும்."

குப்பாயி பின்னால் ஏறிக்கொண்டாள். பாவாயி முதல் கியரைப் போட்டு மைதானத்தில் வட்டத்தைத் தொடங்கினாள். மலை திரும்பியது. மேகம் இருந்த இடத்திலேயே இருக்க, நிழற்காடு அதன் அடியிலிருந்து ஈரச் சேலையை உருவுவது போல மெல்ல மெல்ல வெளியே வந்தது. கால் வட்டம் தாண்டியிருப்பார்கள். பானெட்டுக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது, சுடச்சுட ஆயில் நெடி அடித்தது. ஹோஸ் வெடித்துவிட்டது.

ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. அதுவரை அந்தப் பம்ப் சுமந்த முழு மலையும், பாறையும் மரமும் வீடும் கோயிலும் பள்ளிக்கூடத்தில் அடுக்கிய காப்பி மூட்டைகளும், ஒரே நொடியில் பாவாயியின் கைக்கு வந்து சேர்ந்தன. வலது தோளில் யாரோ கத்தியை இறக்கியது போல இருந்தது. பாதி எழுந்து, பழைய நாளில் இழுத்த மாதிரி உடம்பு முழுவதையும் கொடுத்தாள். சக்கரம் ஒரு நூல் அசைந்தது. விட்டால் மலை தன் பழைய இடத்துக்கே ஓடிவிடும் என்று அவளுக்குக் கைவழியாகவே தெரிந்தது.

"புடிங்கண்ணா!" என்றாள்.

ஆண்டியப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். குப்பாயி சீட்டுக்கு மேலே வயிற்றைப் போட்டுக் குனிந்து, இருவரின் கைக்கும் நடுவில் கிடைத்த இடத்தைப் பிடித்தாள். கிளட்சும் ஆக்சிலேட்டரும் பாவாயியின் காலில், ஸ்டியரிங்கில் ஆறு கை. கார் எறும்பு போல ஊர்ந்தது.

"இழுங்க!"

"இழுத்துட்டுத்தான் இருக்கறேன்!"

"இன்னும் எத்தனைங்கக்கா?"

"மேகத்தப் பாரு, என்னய ஏன் கேக்கற!"

குப்பாயி தலையைத் திருப்பிப் பார்த்தாள். நிழற்காட்டின் கடைசி வீடு, அதற்கு மேலே இருந்த வெடிப்பு, அதற்கும் மேலே இருந்த பலா மரம், எல்லாம் மேகத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. "வந்துருச்சுங்க!" என்று கத்தினாள். அந்த நேரம் இன்ஜின் திணறி நின்றது, மலைக்கு அடியில் எங்கோ ஆழத்தில் பெரிய கதவு ஒன்று தாழ் விழுந்தது போலச் சத்தம் கேட்டது, மலையும் நின்றது. மூவரும் ஸ்டியரிங்கை விடாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். யார் கை முதலில் விலகியது என்று பிறகு அவர்களுக்கே நினைவில்லை.

தேன்வரையில் மழை கொட்டியது. அது பாறைச் சரிவு, தண்ணீர் வந்த வேகத்திலேயே ஓடிப்போயிற்று. மூலையில் விட்டுப்போன அந்த ஒரு கூடைக் காப்பி நனைந்ததை ஆண்டியப்பன் ஒரு வருசம் சொல்லிக்காட்டினார். நிழற்காட்டுக்கு மேலே இருந்த வெடிப்பு காய்ந்து அப்படியே நின்றுவிட்டது. தேன்வரையிலிருந்து கல்லும் ஆளும் வந்து அதை அடைத்தார்கள்.

வையாபுரி மலைக்கே வந்து புது ஹோஸ் போட்டான், ஆயில் ஊற்றினான். பம்ப் சுழன்றது, ஸ்டியரிங் லேசாக இருந்தது. ஆனால் மைதானத்தில் பாவாயி எத்தனை வட்டம் ஓட்டியும் மலை அசையவில்லை, கார்தான் திரும்பியது, மற்ற ஊர்களில் கார்கள் திரும்புவது போல. வையாபுரி பம்ப்பின்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மலைக்கு இந்த எடம் புடிச்சுப்போச்சுங்க," என்றான். ஆகவே மலை, நின்ற இடத்திலேயே நின்றது. நிழற்காடு தென்கிழக்கைப் பார்த்து, தேன்வரை வடமேற்கைப் பார்த்து, காலை வெயில் ஒரு ஊருக்கு, மாலை வெயில் ஒரு ஊருக்கு. டிஷ்களை எல்லாரும் கடைசியாக ஒருமுறை திருப்பி வைத்துக்கொண்டார்கள். பூசாரி, அம்மன் பார்க்கிற பக்கத்தில் புதிதாக ஒரு வாசல் திறந்தார்.

மார்கழி முதல் வாரத்தில் மேகமெல்லாம் கலைந்து வானம் வெளுத்த ஒரு காலை, பாவாயி வழக்கம்போல முதல் நடைக்கு ஆள் ஏற்றிக்கொள்ள நிழற்காட்டுத் திருப்பத்தில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள். ஊர் முழுக்க வெளியில்தான் இருந்தது. அறுபது குடும்பமும் அவரவர் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, எதுவும் செய்யாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்கழியில் வெயிலே கண்டிராத அந்த ஊரில் ஒவ்வொருவர் பின்னாலும் அவரவர் நிழல் நீளமாக விழுந்து சுவரில் ஏறியிருந்தது.

"குப்பாயி, ராசிபுரம் போவோணும்னு சொன்னீல்ல? ஏறு, நேரமாவுது."

"இன்னைக்கு எங்கயும் போகலைங்கக்கா," என்றாள் குப்பாயி, திரும்பாமலே. அப்புறம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.

பாவாயி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.